கொட்டகைத் தரைக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தோட்டச் சாமான்களும் ஒரு சைக்கிளும் வைக்க, 8 அடிக்கு 6 அடி மரக்கொட்டகை ஒன்று வாங்கிவிட்டேன். அடியில் கான்கிரீட் தளம் போடக் கொத்தனார் கேட்கும் தொகை, கொட்டகை விலையில் பாதிக்கு மேல். கையில் இருப்பது அவசரத் தேவைக்கான சேமிப்பு மட்டுமே. அதை எடுக்கலாமா, கிரெடிட் கார்டில் போடலாமா? வாடகை வீடு, இரண்டு, மூன்று ஆண்டுகள் இருப்போம்.

பதில்: இரண்டும் வேண்டாம். கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். மருத்துவச் செலவுக்கு ஒதுக்கிய பணம் தரைக்கடியில் போவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் வாடகை வீட்டில்! நீங்கள் காலி செய்யும் நாளில் கான்கிரீட் அங்கேயே கிடக்கும். ஜல்லித் தளம் போட்டால் ஜல்லியை அள்ளிக்கொண்டு போகலாம்.

உங்கள் தேவைக்கு ஜல்லித் தளமே போதும். கொட்டகையைச் சுற்றி ஓர் அடி கூடுதலாக விட்டு, 10 அடிக்கு 8 அடி இடத்தில் புல்லையும் மேல்மண்ணையும் நீக்குங்கள். வேர்கள் நிறைந்த அந்த மண் மக்கி அமுங்கும். அதை விட்டுவைத்தால் தளமும் சேர்ந்து இறங்கும். அடிமண்ணை நன்றாக இடித்துக் கெட்டியாக்கி, களை முளைக்காமல் இருக்க நீர் இறங்கும் துணியை விரித்து, ஓரங்களில் பலகை அடித்து, 4 அங்குல உயரத்துக்கு ஜல்லி பரப்புங்கள். கணக்குப்படி சுமார் 27 கன அடி. இடிக்கும்போது அமுங்கும் என்பதால் 30 வாங்குங்கள். உடைத்த ஜல்லியாக இருக்கட்டும். கூழாங்கல் உருளும், ஒன்றையொன்று கவ்வாது.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் மட்டம். தரை ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு மூடாது. கொட்டகைக்குக் கொடுத்த பணமும் வீணாகும். நீளமான நேர்ப்பலகை மீது ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும், குறுக்கிலும் பாருங்கள். கொட்டகை நிற்கும் 8க்கு 6 அடிச் செவ்வகத்தை நூல் கட்டிக் குறித்தால், இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக 10 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலைகள் கோணலாக இருக்கின்றன என்று பொருள். மரம் நேராக ஜல்லியில் உட்கார வேண்டாம். சாலிட் பிளாக் எனப்படும் கெட்டியான சிமெண்ட் கற்களை அடியில் கொடுத்தால் காற்று ஓடும், ஈரம் தங்காது.

கனமான இயந்திரம் வைப்பதாகவோ சொந்த இடமாகவோ இருந்தால் கான்கிரீட் சரிதான். அப்போதும் மதிப்பீட்டைப் பிரித்துக் கேளுங்கள். 8க்கு 6 அடியில் 4 அங்குலத் தளத்துக்கு 1:2:4 கலவையில் 50 கிலோ சிமெண்ட் சுமார் 3 மூட்டை, மணல் 7 கன அடி, ஜல்லி 14 கன அடி, பொருள் இவ்வளவுதான். மீதியெல்லாம் கூலியும் வண்டி வாடகையும். அந்தப் பகுதியில்தான் பேரம் பேச இடம் உண்டு.

ஜல்லிக்கும் இப்போது பணம் இல்லையென்றால், மாதச் செலவில் மிச்சம் பிடித்து இரண்டு மாதம் கழித்துச் செய்யுங்கள். அதுவரை கொட்டகைப் பலகைகளைச் செங்கல் மேல் படுக்கையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். மண்ணைத் தோண்டும் முன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பின்னால் முன்பணத்தில் பிடித்தம் செய்ய அவருக்குக் காரணம் இருக்காது.