ஃபோர்க் போச்சா, ஆயில் போச்சா?

கேள்வி: என் மவுண்டன் பைக்கில் 120 மி.மீ. அமிழும் ஏர் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், காற்றழுத்தத்தில் அதிர்வைத் தாங்கும் பகுதி) இருக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, வாராவாரம் ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் சின்னக் கல், வேர் எதற்கும் அசைய மாட்டேன் என்கிறது. பெரிய பள்ளத்தில் மட்டும் தடாலென்று இறங்குகிறது. மெக்கானிக் "ஃபோர்க் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது ஃபோர்க்கைத் திறந்து சர்வீஸ் செய்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. செய்யவில்லை என்றால், போனது பெரும்பாலும் ஃபோர்க் இல்லை, உள்ளே இருக்கிற ஆயில்தான்.

மேலே பளபளவென்று தெரிகிற இரண்டு குழாய்களும் கீழ்க்கால்களுக்குள் இருக்கும் புஷ் எனும் வழுக்கு வளையங்களில் உரசிக்கொண்டுதான் ஏறி இறங்குகின்றன. அந்த உரசலைத் தணிக்க ஒவ்வொரு காலிலும் பல மாடல்களில் 5 முதல் 10 மில்லி ஆயில்தான் இருக்கும். இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் அடங்கிவிடும். 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் என்று ஃபோர்க் தயாரிப்பாளரான ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகள் பலவற்றுக்குச் சொல்கிறது. இன்னொரு தயாரிப்பாளரான ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடம் ஒருமுறை என்கிறது. வாரத்துக்கு இரண்டே மணி நேரம் என்று வைத்தாலும் நீங்கள் 200 மணி நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இதை வீட்டிலேயே செய்யலாம். முதல் தடவை ஒரு மதியம் முழுக்கப் போய்விடும், அப்புறம் பழகிவிடும். உங்கள் மாடலுக்கான சீல் கிட் (சீல் என்பது மேல்குழாயைச் சுற்றி மண் புகாமல், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), கீழ் போல்ட்டுக்குப் புது வாஷர், தயாரிப்பாளர் சொல்லும் ஆயில், சஸ்பென்ஷன் கிரீஸ், இவ்வளவுதான் வாங்க வேண்டியது. சீலில் மட்டும் கவனம்: மேல்குழாயின் விட்டம் 30, 32, 34, 35 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும். 'கிட்டத்தட்ட அதே சைஸ்தான்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

முன் சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றித் தள்ளி வையுங்கள். முதல் தடவை நான் காலிப்பரை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே ஒரு சொட்டு ஆயில் பேடில் இறங்கியது. அடுத்த மூன்று நாள் பிரேக் பிடித்தால் கத்தியது, ஆனால் வண்டி நிற்கவில்லை. கடைசியில் புது பேடு.

அடுத்து, காற்றை முழுவதும் இறக்குங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. காற்று இருக்கும்போது கழற்றினால் உள்ளே இருப்பது முகத்தை நோக்கிப் பாயும். பிறகு கீழே இரண்டு காலிலும் உள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுதாக எடுத்துவிட வேண்டாம். ரீபவுண்டு குமிழ் (ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) இருக்கும் பக்கத்தில் முதலில் குமிழை உருவ வேண்டும். இப்போது அலென் கீயைப் போல்ட்டில் வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினால், 'டொக்' என்ற சத்தம் மாறி மெத்தென்று கேட்கும், போல்ட்டின் தலை உள்ளே போயிருக்கும். உள்ளிருக்கும் தண்டு விடுபட்டதற்கு அதுதான் அடையாளம். அடியில் பாத்திரம் வைத்து, போல்ட்டைக் கழற்றி, கீழ்க்கால்களைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வரும்.

பாத்திரத்தில் விழுவதைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் ஆயில் ஓரளவு தெளிவாக இருக்கும். உங்களுடையதில் சாம்பல் நிறக் குழம்பாக ஒரு ஸ்பூன் வரும், அல்லது ஒன்றுமே வராது. சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையத்தை விரலால் நசுக்கினால் மண் நெருடும். 'அசைய மாட்டேன்' என்று அடம் பிடித்தது இதுதான்.

பழைய சீலை நெம்பும்போது அடியில் துணி வையுங்கள். கீழ்க்கால் பெரும்பாலும் மெக்னீசியம், விளிம்பு எளிதில் காயப்படும். உள்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, பஞ்சு வளையத்தை ஆயிலில் ஊறவைத்துப் போட்டு, புது சீலைக் கோணாமல் அழுத்துங்கள். அதே விட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கிடைத்தால் வேலை சுலபம். சீல் உதட்டில் கிரீஸ் தடவி, கீழ்க்காலைப் பாதி வரை ஏற்றி, அடியில் உள்ள போல்ட் துளை வழியாக சிரிஞ்சில் அளந்து ஆயில் விடுங்கள். அளவு ஒவ்வொரு மாடலுக்கும், சிலவற்றில் ஒவ்வொரு காலுக்கும் மாறும், சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முழுதும் ஏற்றி, புது வாஷரோடு போல்ட்டை மாட்டி, டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். 'கை கணக்கு' இங்கே வேண்டாம், மரை போனால் கீழ்க்காலே போச்சு.

200 மணி நேரம் ஆகிவிட்டதால் டாம்பரையும் (ஃபோர்க் அமிழ்ந்து எழும் வேகத்தை ஆயிலால் அடக்கும் பகுதி) பார்க்க வேண்டிய நேரம்தான். ஆனால் அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பவும் தெரிய வேண்டும். அதை மட்டும் சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: காற்றைக் குறைத்தால் ஃபோர்க் அடி வரை இடிக்கிறது, ஏற்றினால் கட்டையாகிவிடுகிறது. சரியான அழுத்தம் எவ்வளவு? பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று வேறு காற்று போகிறதே?

பதில்: அந்த 'புஸ்' பம்பின் குழாயில் மிச்சமிருந்த காற்று, ஃபோர்க்கிலிருந்து போவதில்லை. மறுபடி பம்பை மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அந்தக் குழாயை மறுபடி நிரப்ப ஃபோர்க்கிலிருந்துதான் காற்று எடுக்கிறது. இது தெரியாமல் ஏற்றி ஏற்றி இறக்குகிறவர்கள் நிறைய.

அழுத்தத்தைவிட, நீங்கள் ஏறி நின்றால் எவ்வளவு அமிழ்கிறது என்பதே கணக்கு. ஓட்டும்போது போடுகிற உடை, பையோடு ஏறுங்கள். மேல்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி நின்று, குதிக்காமல் இறங்குங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 24 மி.மீ. அங்கே வளையம் நின்றால் நல்ல தொடக்கம். அப்படியும் அடி இடித்தால் காற்றை ஏற்றாதீர்கள், உள்ளே ஒரு டோக்கன் போடுங்கள். காற்றறையின் கொள்ளளவைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு அது. தொடக்கத்து மென்மை அப்படியே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் இறுகும். காற்றை இறக்கிவிட்டு மேல்மூடியைத் திறந்தால் போதும், பத்து நிமிட வேலை.

கேள்வி: ஆரம்ப நிலை சைக்கிள், ஸ்பிரிங் ஃபோர்க். 140 மி.மீ. ஏர் ஃபோர்க் போட ஆசை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஸ்டியரர் குழாய், அதாவது ஃபோர்க்கின் உச்சியில் ஃபிரேமுக்குள் நுழையும் குழாய். நேர் குழாயா, கீழே தடித்ததா? நேரானது 28.6 மி.மீ. இருக்கும், தடித்தது அடியில் ஒன்றரை அங்குலம். நேர்க் குழாய்க்கென்று செய்த பழைய ஃபிரேமில் தடித்தது பெரும்பாலும் நுழையாது. அடுத்து ஆக்ஸில் (சக்கர அச்சு): உங்கள் சக்கரம் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் சட்டென்று கழற்றும் வகை) என்றால், 15 மி.மீ. ஆக்ஸில் ஃபோர்க்கோடு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் மாற்ற நேரலாம். பிரேக் மாட்டும் இடம், சக்கர அளவு எல்லாம் பொருந்த வேண்டும். இத்தனையும் கூட்டிப் பார்த்தால் ஃபோர்க் செலவு மட்டும் இல்லை என்பது தெரியும்.

இப்போது இருப்பது 100 மி.மீ. என்றால் 140-க்குப் போகாதீர்கள். 20 மி.மீ. கூடினாலே முன்பக்கம் ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும், ஃபிரேமுக்கு அது திட்டமிடாத சுமை. 1989-ல் வந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க் அசைந்ததே 48 மி.மீ.தான். அதை வைத்துத்தான் 1990 உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தயம்) ஜெயித்தார்.

வெறுமனே கட்டையாக இருப்பதுதான் குறை என்றால், முதலில் நல்ல அகல டயர் போட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். பல ஆரம்ப நிலை ஃபோர்க்குகளில் உள்ளே ஆயிலே கிடையாது, கிரீஸ் மட்டும்தான். அதைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் போடுவதற்கு அரை மணி நேரம் போதும்.

கேள்வி: பழைய ஃபோர்க் ஒன்று விலைக்கு வருகிறது. மேல்குழாயில் ஒரு கீறல் இருக்கிறது, வாங்கலாமா?

பதில்: கண்ணை மூடி நகத்தை அதன் மேல் ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கவலை வேண்டாம். மாட்டினால், அது சீல் உரசுகிற இடமா என்று பாருங்கள். அங்கே என்றால் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும், விட்டுவிடுங்கள். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சீல் இருக்குமிடத்தில் விரலை வைத்தால் 'லொட லொட' தெரிகிறதா? அங்கேயே தெரிந்தால் ஹெட்செட் (ஃபிரேமின் முன் கழுத்தில் இருக்கும் பேரிங்) இல்லை, புஷ் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரர் குழாயின் நீளத்தையும் அளந்து கேளுங்கள், வெட்டியதை வளர்க்க முடியாது.

கேள்வி: கையில் டபிள்யூடி-40 இருக்கிறது. சீலில் அடித்தால் போதாதா?

பதில்: வேண்டாம். இருக்கிற கிரீஸையும் ஆயிலையும் அது கழுவிவிடும். ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் சீலைச் சுற்றித் துடையுங்கள், போதும்.