பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கடனுக்குப் பங்குதாரரின் வீடு ஜப்தியாகுமா?

பொதுவாக ஆகாது. 2013 கம்பெனிச் சட்டப்படி கம்பெனி தனி நபர், கடனும் அதனுடையதே. 10 ரூபாய்ப் பங்குகள் 5,000 வாங்கி, பங்குக்கு 6 ரூபாய்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றால், கம்பெனியைக் கலைக்கும்போது பாக்கி 20,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கலாம். முழுதும் கட்டிவிட்டவருக்கு அதுவும் இல்லை.

வீடு பறிபோவது வேறு வழியில். வங்கிக் கடனுக்காக நீட்டப்படும் காகிதக் கட்டுக்குள் ஜாமீன் பத்திரமும் இருக்கும். அதில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி கம்பெனிக்கு உள்ள அதே பொறுப்பு உங்கள் தலையிலும் ஏறிவிடும். முதலில் கம்பெனியிடம் வசூலித்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக வங்கிக்குக் கிடையாது. மற்றதைப் படிக்காவிட்டாலும் அந்தத் தாளை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள், தயவுசெய்து.

பலர் கவனிக்காத இன்னொன்று: கணவன், மனைவி இருவர் மட்டுமே கம்பெனியின் உறுப்பினர்கள், அதாவது பங்குதாரர்கள்; ஒருவர் இறந்து பங்குகள் மற்றவர் பெயருக்கே மாறுகின்றன. உறுப்பினர் ஒருவரே என்று தெரிந்தும் ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே தொழிலை நடத்தினால், அதற்குப் பிறகு வாங்கும் கடனுக்கு அவரே நேரடிப் பொறுப்பு. இது கம்பெனிச் சட்டத்தின் 3ஏ பிரிவு. உடனே இன்னொருவரை உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.