கிருமி வருவதற்கு முன்பே

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாவது படிக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். மனிதனுக்கு மொத்த மரபணுக்களே ஏறக்குறைய 20,000தானாம். அப்படியென்றால் கிருமிகளைப் பற்றிப் பிடிக்கும் கோடிக்கணக்கான எதிர்ப்பொருட்களுக்கான குறிப்பு எங்கே இருக்கிறது? நேற்றுவரை உலகத்திலேயே இல்லாத கிருமிக்கும் உடல் எப்படித் தயாராகிறது? எனக்குப் பதில் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. நோய் எதிர்ப்பியலையே பல ஆண்டுகள் திணறவைத்த கேள்வி இது.

கிருமியைப் பார்த்த பிறகு உடல் அதற்கு அளவெடுத்து எதிர்ப்பொருள் தைப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் ஒரு பி செல், அதாவது எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணு, உருவாகும்போதே தன் டிஎன்ஏவை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்பொருள், கனமானது, லேசானது என்று இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கனமான சங்கிலிக்கு வி, டி, ஜே என்று மூன்று வகை டிஎன்ஏ துண்டுகள், முறையே சுமார் 40, 23, 6. வகைக்கு ஒன்று எடுத்துச் சேர்த்தாலே ஐயாயிரத்துக்கு மேல் வரும். லேசான சங்கிலியும் ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது, டி துண்டு மட்டும் அதில் இல்லை. அப்புறம், ஒட்டுகிற இடத்தில் சில டிஎன்ஏ எழுத்துகள் தாறுமாறாகச் சேர்கின்றன, சில உதிர்கின்றன. எண்ணிக்கை கோடிகளைத் தாண்டுவது அங்கேதான்.

இதை நிரூபித்தவர் ஜப்பானியரான சுசுமு தொனெகாவா. உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் என்று பெரும்பாலோர் நம்பிய காலம். 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், எலிக்கருவின் டிஎன்ஏவையும் எதிர்ப்பொருள் சுரக்கும் எலிப் புற்றுச்செல்லின் டிஎன்ஏவையும் நொதியால் நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கருவில் தனித்தனித் துண்டுகளில் கிடந்த எதிர்ப்பொருள் மரபணுவின் பகுதிகள், புற்றுச்செல்லில் ஒரே துண்டில் சேர்ந்திருந்தன. எவ்வளவு எளிய சோதனை! 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியல் வகுப்பில் இந்தச் சோதனையைக் கதையாகவே சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

ஆக, புதிய கிருமி நுழையும்போது அதோடு ஓரளவாவது பொருந்துகிற ஏதோ ஒரு பி செல் பெரும்பாலும் ஏற்கெனவே உடலில் இருக்கும். நிணநீர் முடிச்சில் இரண்டும் சந்தித்து, டி செல் என்னும் இன்னொரு வகை வெள்ளணுவும் கைகொடுத்தால், அந்த ஒரு செல் மட்டும் மளமளவென்று பெருகும். அதன் வாரிசுகளில் சில பிளாஸ்மா செல்களாகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதல் தொற்றில் இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கிறது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பெருகும்போது அந்தச் செல்கள் தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே பிழைகள் செய்துகொள்கின்றன. இன்னும் இறுக்கமாகப் பற்றுபவை பிழைக்கும், மற்றவை மடியும். இது வாரக்கணக்கில் நடக்கும். பூஸ்டர் ஊசிக்கு இடைவெளி விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.