அப்கிரேடு பாதியில் படுத்துவிட்டால்: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் நிறைய ‘பேசாமல் ஃபார்மேட் பண்ணிவிடலாமா?’ என்றே முடிகின்றன. அது கடைசி வழி. எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. திரையில் வந்த எண்ணையும் வாசகத்தையும் அப்படியே எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி.

கேள்வி: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறும்போது, ரீஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் போனதும் ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று பழையபடி 10-க்கே வந்துவிடுகிறது. பிழை எண் 1900101 என்று முடிகிறது, அதற்குப் பக்கத்தில் 30018. என்ன செய்யலாம் சார்?

முதலில் ஒரு நல்ல செய்தி. பழையபடி திரும்பி வருகிறதே, அதுவே உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருப்பதற்கு அடையாளம்.

1900101 வந்தால் பெரும்பாலும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தகராறு. பக்கத்தில் இருக்கும் எண்ணின் முதல் இலக்கம்தான் முக்கியம். 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோற்றது. 2 என்றால் ரீஸ்டார்ட் ஆன பிறகு வரும் சிறிய மீட்புச் சூழலில். 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முறை எழும்போது. 4 என்றால் அதற்கடுத்த பூட்டில். உங்களுடையது 3. அதாவது புதிய விண்டோஸ் எழுந்து, உங்கள் வன்பொருளுக்கான டிரைவர்களை ஏற்றும்போது ஏதோ ஒன்று காலை வாரிவிட்டது.

கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸை நிறுத்தினால் போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்), சிப்செட், ஸ்டோரேஜ், வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பியுங்கள். பழைய விபிஎன், விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள்களும் ஓசைப்படாமல் டிரைவர்களை விட்டுச்செல்லும், அவற்றையும் பாருங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் ஊகிப்பதை விட்டுவிட்டு லாக் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் செட்அப்டயக் என்ற கருவி, அப்கிரேடு எழுதிவைத்த லாக்குகளைப் படித்து, எங்கே எதனால் தோற்றது என்று சொல்லும். பல நேரம் டிரைவரின் பெயரே அதில் கிடைத்துவிடும். நான்காவது தடவை, ஐந்தாவது தடவை என்று சும்மா ஓட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: எனக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நீலத்திரை வருகிறது. பிழையும் வேறு வேறு. ஆனால் தினசரி வேலையில் கணினி ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

அப்படியானால் டிரைவரை விட்டுவிட்டு ராமைச் சந்தேகப்படுங்கள். டிரைவர் பிழை அனேகமாக ஒரே இடத்தில் விழும். இடம் மாறி மாறி விழுவது வன்பொருளின் குணம். அப்கிரேடின்போது சில ஜிபி கோப்புகள் விரிக்கப்பட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. பிரவுசர் மட்டும் ஓட்டும்போது தெரியாத ராம் கோளாறு அப்போது வெளியே வரும். ஓவர்கிளாக், எக்ஸ்எம்பி (வேகத்தைக் கூட்டும் அமைப்புகள்) இருந்தால் பயாஸில் அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்86+ கருவியை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. அப்புறம் டிஸ்க்கின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் வசதி) நிலையையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 61 சதவீதத்தில் ஒரு மணி நேரமாக நிற்கிறது. அணைத்துவிடட்டுமா?

வேண்டாம். டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா, கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம்கூட ஆகலாம். இரண்டுமே செத்து, ராத்திரி முழுக்க அசைவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அடுத்த பூட்டில் பெரும்பாலும் தானே பழைய பதிப்புக்குத் திரும்பும்.

கேள்வி: விண்டோஸ் 11-க்காக பயாஸில் லெகசியை யுஇஎஃப்ஐ ஆக மாற்றினேன். இப்போது ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. எல்லாம் போய்விட்டதா அண்ணா?

ஒன்றும் போகவில்லை. லெகசியும் யுஇஎஃப்ஐயும் கணினி எழும் பழைய, புதிய முறைகள். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. யுஇஎஃப்ஐயில் விண்டோஸ் எழ ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். பயாஸில் மறுபடி லெகசிக்கே மாற்றுங்கள், பழைய விண்டோஸ் எழுந்துவிடும். பேக்அப் எடுங்கள். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே கூட வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் சோதனை முறையில் ஓட்டி, சரி என்றால் உண்மையாக மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். வரிசை தலைகீழானதுதான் உங்களுக்கு நடந்தது. பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கும் ஸ்டோரேஜ் முறையை மட்டும் இந்தச் சாக்கில் மாற்றிவிடாதீர்கள். அது வேறு ஒரு நீலத்திரையைக் கூட்டி வரும்.

கேள்வி: பயாஸ் புதுப்பித்ததும் பிட்லாக்கர் கீ கேட்கிறது. நான் பிட்லாக்கரே போடவில்லையே?

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் இருக்கும். ஃபோனிலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்களைக் கேளுங்கள். எண் எங்குமே இல்லையென்றால் தகவலை மீட்க வழியில்லை. மீட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுத்துவிடாதீர்கள். இனிமேல் பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி வையுங்கள்.

கேள்வி: உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு கெர்னல் பேனிக். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழ முடியாமல் நிற்பதுதான் கெர்னல் பேனிக். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (பூட்டி) நிறுவியிருந்தீர்களா? அப்படியானால் பூட் (எழும்போது தேவைப்படும் கோப்புகள் இருக்கும் இடம்) தனிப் பார்டிஷனாக இருக்கும், அளவும் சிறியது. பழைய கெர்னல்கள் அதை அடைத்துக்கொண்டதால் புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் (அது எழ உதவும் சிறு கோப்புத் தொகுப்பு) முழுதாக எழுதப்படாமல் போயிருக்கும். இந்தப் பிழைக்கு அடிக்கடி காணும் காரணம் இதுதான்.

பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி (பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்ட் பிடித்து) எதில் எழுவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்குப் போங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும் இப்போது ஓடும் கெர்னலைத் தவிர்த்து, அதற்கும் பழையவற்றை நீக்கி இடம் பண்ணுங்கள். பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பேனிக் இல்லை, வெறும் கறுப்புத் திரை, என்விடியா கார்டு என்று கேட்டவருக்கு: கிரப்பில் இ (e) தட்டி, லினக்ஸ் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) சேர்த்து எழுப்புங்கள். பிறகு டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: கோர் 2 டுவோ கணினி. வன்பொருள் தகுதிச் சோதனைகளைத் தாண்டவைத்து விண்டோஸ் 11 ஓட்டிக்கொண்டிருந்தேன். 24எச்2 போட்டதும் லோகோவோடு சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகிறது.

இதற்கு வைத்தியம் இல்லை. விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பான 24எச்2-வுக்கு பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற பிராசஸர் கட்டளைகள் தேவை. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டவைக்கலாம், பிராசஸரிலேயே இல்லாத கட்டளையை எப்படித் தாண்டவைப்பது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ள பென்டிரைவில்) எழுப்பி ஃபைல்களை வெளியே எடுத்துக்கொண்டு, அதே கணினியில் இலகுவான ஒரு லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.