வெனிஸ் நுழைவுக் கட்டணம்: மெஸ்த்ரேயில் தங்குபவர் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கும் எனக்கு வயது 23. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தோழியுடன் வெனிஸ் சென்று, மூன்று நாட்கள் மெஸ்த்ரேயில் உள்ள விடுதியில் தங்கப் போகிறேன். நகருக்குள் நுழையவே கட்டணம் உண்டு என்கிறார்கள். ஓர் இணையதளம் அதற்கு ஆளுக்கு 24 யூரோ கேட்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்தத் தளத்துக்கு ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள்.

2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகராட்சி, காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும் பயணிகளிடம் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் கட்டணம் வாங்கி வருகிறது. முதல் ஆண்டில் அது 5 யூரோவாக இருந்தது. 2025இல், கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ ஆனது. காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான் இந்தக் கட்டணம் உண்டு. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. கடலுக்கு இப்பால், நிலப்பகுதியில் இருந்தாலும் மெஸ்த்ரே அதே நகராட்சியைச் சேர்ந்ததுதான்.

இந்த எல்லை விஷயத்தில்தான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வாடகை குறைவு என்று பக்கத்து நகரங்களான பதுவாவிலோ திரெவிசோவிலோ அறை எடுப்பவர்கள், விடுதி விளம்பரத்தில் 'வெனிஸ் அருகில்' என்று இருப்பதைப் பார்த்துத் தங்களுக்கும் விலக்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள், கிடையாது. கடற்கரைக்காக யேசோலோவில் தங்கினாலும், புந்தா சப்பியோனி படகுத்துறைக்குப் பக்கத்துக் கூடார முகாமில் தங்கினாலும் இதே கதைதான், ஏனென்றால் அவை வேறு நகராட்சிகள். ஆகவே முன்பதிவுச் சீட்டில் உள்ள முழு முகவரியில் எந்த நகராட்சியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

விலக்கு உண்டு என்றாலும் நீங்கள் சும்மா இருந்துவிட முடியாது. நகராட்சியின் சொந்த இணையதளத்தில் பெயரையும் தங்குமிடத்தையும் பதிந்து, விலக்குக்கான க்யூஆர் குறியீட்டை இலவசமாகப் பெற்றுக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். சோதனையில் காட்டாவிட்டால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். விடுதி உங்கள் கடவுச்சீட்டு விவரங்களை வாங்கிக்கொள்கிறது, இரவுக் கணக்கில் சுற்றுலா வரியும் வசூலிக்கிறது; அதே விவரத்தை விருந்தினரே மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்ய வேண்டும் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் குறியீட்டையே 'சேவைக் கட்டணம்' சேர்த்து விற்கும் தளங்கள், தேடுபொறியில் விளம்பரமாக முதல் வரியில் நிற்கின்றன.

பணத்தை உண்மையில் மிச்சப்படுத்தும் இடம் படகு. வபோரெத்தோ எனப்படும் பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டே 9.50 யூரோ. 6 முதல் 29 வயது வரையுள்ளவர்களுக்கான 'ரோலிங் வெனிஸ்' அட்டையை 6 யூரோவுக்கு வாங்கினால், 45 யூரோ விலையுள்ள 72 மணி நேரப் படகுச் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். விலை அவ்வப்போது ஏறும். ஆனால் இந்தச் சலுகை உங்கள் வயதினருக்கே உரியது, விட்டுவிடாதீர்கள். கடவுச்சீட்டைக் காட்டி, சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் வெளியே உள்ள அதிகாரபூர்வக் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். சீட்டு இயந்திரத்தின் அருகே நின்று, கேட்காமலே உதவிக்கு வருபவர்களை நெருங்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் படகுத்துறையில் உள்ள வெள்ளைக் கருவியில் படகுச் சீட்டைத் தொட வைக்க வேண்டும். கையில் செல்லுபடியாகும் சீட்டு இருந்தும் தொட வைக்க மறந்ததால் அபராதம் கட்டிய மாணவர்களை எனக்குத் தெரியும்.

வெனிஸின் பாரம்பரியத் துடுப்புப் படகான கோண்டோலாவில் ஏற ஆசை இருந்தால், பகலில் அரை மணி நேரத்துக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் 90 யூரோ. அது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். அது கட்டுப்படியாகாவிட்டால், ரியால்தோ சந்தைக்கு எதிர்க்கரையில் சாந்தா சோஃபியா துறையிலிருந்து, இருவர் துடுப்புப் போட்டு பெருங்கால்வாயைக் கடக்கும் திராகெத்தோவில் 2 யூரோ கொடுத்து ஏறிக்கொள்ளுங்கள். அதுவும் கோண்டோலாதான், சில நிமிடங்களில் அக்கரை வந்துவிடும். சில்லறையாக வைத்திருங்கள்.