ஸ்கோரர் பதில்கள்: ஒரு ரன்னில் போன மேட்ச்

கேள்வி: இருபது ஓவர் மேட்ச். இரண்டு டீமும் 96 ரன். எங்களுக்கு இன்னும் மூன்று விக்கெட் கையில் இருந்தது. அப்படியானால் நாங்கள்தானே ஜெயித்தோம்?
– கையில் விக்கெட் வைத்திருந்த கேப்டன்

பதில்: இல்லை, மேட்ச் டை. ஓவர் கணக்கில் ஆடும் மேட்சில் ரன் சமமானால் அத்தோடு முடிந்தது. விக்கெட்டை எண்ணிப் பார்ப்பதென்றால் டாஸுக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பேசினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பேசியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

நேரக் கணக்கில் ஆடும் மேட்ச் வேறு. 1996 டிசம்பரில் ஜிம்பாப்வேயின் புலவாயோவில் நடந்த டெஸ்டில் இங்கிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 3 ரன் தேவை. இரண்டு ஓடி, மூன்றாவதற்குப் பாய்ந்த நிக் நைட் 96 ரன்னில் ரன் அவுட். ஸ்கோர் சமம், ஆனாலும் மேட்ச் டிரா. நான்கு விக்கெட் மீதமிருந்ததால் இன்னிங்ஸ் முடியவில்லை என்று கணக்கு. ஸ்கோர் சமமாகி டிராவான முதல் டெஸ்ட் அதுதான்.

கேள்வி: ஒரு ரன்னில் தோற்றோம். எதிரணி 134, நாங்கள் 133. மூன்று நாள் கழித்து ஸ்கோர் நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். பேட்டிங் பக்கம் 133தான். பௌலிங் பக்கத்தைக் கூட்டினால் 134 வருகிறது! மேட்ச் டை என்று இப்போது மாற்றச் சொல்லலாமா?
– தூக்கம் போன விக்கெட் கீப்பர்

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மாற்ற முடியாது. ஆட்டம் முடிந்ததும் அம்பயர்களும் ஸ்கோரர்களும் ஸ்கோர் சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு முடிவை மாற்றக் கூடாது என்று 16ஆவது விதி வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்று நாள் என்ன, மூன்று நிமிடம் ஆனாலும் அதே கதைதான்.

இனி உங்கள் கணக்கு. நீங்கள் அனுப்பிய பக்கத்தை நானும் கூட்டினேன். பேட்ஸ்மேன்கள் 118. ஒயிடு 6, நோபால் 2, பை (எதிலும் படாமல் போன பந்தில் ஓடியது) 4, லெக் பை (உடம்பில் பட்ட பந்தில் ஓடியது) 3, ஆக எக்ஸ்ட்ரா 15. மொத்தம் 133. பௌலர்கள் தலையில் ஏற வேண்டியது பேட்ஸ்மேன் ரன், ஒயிடு, நோபால் மூன்றும் சேர்த்து 126. பையும் லெக் பையும் பௌலர் கணக்கில் ஏறாது. உங்கள் நோட்டில் பௌலர்கள் 127 கொடுத்திருக்கிறார்கள். அதோடு பை, லெக் பை ஏழையும் சேர்த்துத்தான் உங்களுக்கு 134 வந்தது. கணக்கு உதைக்கிறது, உண்மை. ஆனால் எந்தப் பக்கம் உதைக்கிறது? பேட்டிங்கில் ஒரு ரன் விடுபட்டதா, பௌலிங்கில் ஒன்று கூடுதலாக ஏறியதா? கூட்டல் அதைச் சொல்லாது. ஓவர் ஓவராக உட்கார்ந்து துப்பறிய வேண்டும்.

எப்படி என்று கேட்டால் என் மானக்கேட்டைத்தான் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முந்தைய கதை. நாங்கள் 141. எதிரணி துரத்துகிறது, ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஸ்கோரர்கள் இருவர் இருந்து அடிக்கடி ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் மேட்சில் எதிரணி ஸ்கோரர்தான் அவர்களுடைய பதினோராவது ஆட்டக்காரர்! நோட்டை மூடி வைத்துவிட்டு, பேடு கட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் என் நோட்டு மட்டும். வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர்கள் 140க்கு ஆல் அவுட். என் டீம் ஒரு ரன்னில் ஜெயித்து, என்னையும் தூக்கிச் சுற்றியது.

ராத்திரி வீட்டில் பௌலிங் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது ஓவர் கண்ணை உறுத்தியது. ஆறு பந்தில் ஐந்து புள்ளி (ரன் இல்லாத பந்து), ஐந்தாவது பந்தில் ஒரு நாலு. அந்த நாலு, பேடு கட்டிப் போன எதிரணி ஸ்கோரரின் வரிசையில் இருந்தது. அதற்கு முந்தைய ஓவரின் கடைசிப் பந்தில் ஒற்றை ரன் ஓடியவர் அவருடைய கூட்டாளி. அப்படியானால் பதினெட்டாவது ஓவரை எதிர்கொண்டவர் கூட்டாளிதான். நாலு புள்ளியும் அவர் ஆடியதென்றால், ஐந்தாவது பந்துக்கு இவர் எப்படி ஸ்ட்ரைக்குக்கு வந்தார்? நடுவில் எங்கோ ஓடியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை.

உடனே ஞாபகம் வந்துவிட்டது. அம்பயர் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்டினார். லெக் பை. நான் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். ஸ்கோரர் கை தூக்கும்வரை அம்பயர் அடுத்த பந்தை விடக் கூடாது என்பதால் நான் சிக்னல் வந்ததும் கையைத்தான் முதலில் தூக்குவேன். பென்சில் கூர் உடைந்திருந்தது. சீவிவிட்டு எழுதலாம் என்று குனிந்தேன். நிமிர்ந்தபோது நாலு போய்க்கொண்டிருந்தது. அதை எழுதினேன், இதற்கு வெறும் புள்ளி வைத்துக் கோட்டை விட்டேன். அன்றிலிருந்து எழுதிவிட்டுத்தான் கை தூக்குகிறேன். அம்பயர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாலும் சரி. பென்சிலும் மூன்று வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் எதிரணி கேப்டனைத் தேடிப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். “நாலாவது ஓவர்ல நான் ஒரு கேட்ச் விட்டேனே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றார். எந்தப் பக்கத்திலும் இல்லை. ஸ்கோர் நோட்டில் விட்ட கேட்சுக்குக் கட்டம் கிடையாது. அவர் கேட்ச் விட்ட ஆள் அதற்குப் பிறகு அடித்தது 31.

கேள்வி: கடைசி ஓவர், 2 ரன் தேவை. பந்தே போடாமல் பௌலர் என் பக்கத்துப் பெயில்ஸைத் தட்டிவிட்டு அவுட் கேட்டார். அம்பயரும் கொடுத்தார். ஒரு தடவையாவது எச்சரிக்க வேண்டாமா?
– ரன்னர் எண்டில் நின்றவர்

பதில்: எச்சரிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. பௌலர் வழக்கமாகப் பந்தை விடும் அந்தக் கணம்வரை கிரீஸுக்குள் இருப்பது ரன்னரின் பொறுப்பு. முன்பு இது முறையற்ற ஆட்டம் பற்றிய 41ஆவது விதியில் கிடந்தது. 2022 அக்டோபரில் ரன் அவுட் பற்றிய 38க்கு மாற்றிவிட்டார்கள். 1947இல் சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் இந்தியாவின் வினு மன்கட் அவுட்டாக்கினார். அதற்கு முன் அதே பயணத்தில் வேறொரு மேட்சில் எச்சரித்துவிட்டு அவுட்டாக்கியிருந்தார். பிரவுன் மறுபடியும் வெளியே போனார். பெயர் கெட்டதென்னவோ மன்கட்டுக்கு.

ஸ்கோரர் மேசை பிட்ச்சுக்குப் பக்கவாட்டில் இருந்தால் இது தெளிவாகத் தெரியும். பௌலர் கடைசி அடி வைக்கும்போதே ரன்னரின் மட்டை கோட்டைத் தாண்டிவிடும், பின்னாலேயே ஓரடி, ஒன்றரை அடி. ஒரு ரன்னில் முடியும் மேட்சில் அந்த ஒன்றரை அடிதான் ரன் அவுட்டுக்கும் இல்லைக்கும் நடுவில் இருப்பது. எனக்கு உங்கள் மீது இரக்கம் உண்டு, பௌலர் மீது கோபம் இல்லை. உங்கள் கடிதத்தில் விட்டுப்போன ஒன்று: அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது. மீதமிருந்த பந்து குறையாமல் அப்படியே இருந்திருக்க வேண்டும். கொடுத்தார்களா?

கேள்வி: கடைசிப் பந்து, 6 ரன் வேண்டும். ஒன்று ஓடி, இரண்டாவதற்குத் திரும்பினோம். பீல்டர் எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. அம்பயர் 5 கொடுத்து டை என்றார். 6 வராதா?
– வாசகர்

பதில்: பந்து பீல்டர் கையை விட்ட நொடியில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்துவிட்டிருந்தால் 6. இல்லையென்றால் ஓடி முடித்த ஒன்று, எல்லைக்கு நாலு, ஆக 5. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலேயே இதில் சறுக்கினார்கள். நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. அம்பயர்கள் 6 கொடுத்தார்கள். எறிந்த நேரத்தில் பேட்ஸ்மேன்கள் கடந்திருக்கவில்லை, 5தான் வரும் என்று முன்னாள் அம்பயர் சைமன் டௌஃபல் பிறகு சொன்னார். ஆளுக்கு 241 என்று அந்த மேட்ச் டை ஆனது. அத்தனை கேமரா இருந்த இடத்தில் அப்படி. உங்கள் அம்பயர் ஒற்றை ஆளாக எந்தப் பக்கம் பார்ப்பார்?

கேள்வி: எல்லையை நோக்கி ஓடிய பந்தை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. எத்தனை ரன்?
– வாசகி

பதில்: நாய் தொடாவிட்டாலும் அது எல்லைக்குப் போயிருக்கும் என்று இரண்டு அம்பயர்களும் ஒத்துக்கொண்டால் நாலு. இல்லாவிட்டால் டெட் பால், அந்தப் பந்தில் ஆட்டம் அத்தோடு நிற்கும். நாய் பந்தைத் திருப்பித் தந்ததா?

கேள்வி: கடைசி ஓவரில் அம்பயர் ஏழு பந்து விட்டுவிட்டார். ஏழாவதில்தான் ஜெயித்தார்கள். செல்லுமா?
– பௌலர்

பதில்: செல்லும். அம்பயர் எண்ணியதுதான் ஓவர். ஆறு சிறு கல்லை ஒரு பையில் வைத்து, பந்துக்கு ஒன்றாக இன்னொரு பைக்கு மாற்றச் சொல்லுங்கள். நான் ஸ்கோரர் மேசையிலிருந்து விரலைக் காட்டியும் எச்சரிப்பதுண்டு. பார்க்கிற அம்பயர் பார்ப்பார்.

கேள்வி: எங்கள் பௌலரின் பந்து ஸ்டம்பை உரசியும் பெயில்ஸ் விழவில்லை. அதே ஆள் கடைசிவரை நின்று ஜெயித்துவிட்டார். இவ்வளவு துரதிருஷ்டம் வேறு யாருக்காவது வந்ததுண்டா?
– தோற்ற அணி

பதில்: லம்பி ஸ்டீவன்ஸுக்கு வந்தது. 1775 மே 22, லண்டனில் ஆர்ட்டிலரி மைதானம். ஹாம்பிள்டன் என்ற கிராமத்து கிளப்பின் ஐவருக்கும் கென்ட் ஐவருக்கும் ஆட்டம். ஹாம்பிள்டனின் கடைசி ஆளாக ஜான் ஸ்மால் நின்றார், 14 ரன் தேவை. அந்தக் காலத்தில் ஸ்டம்ப் இரண்டுதான். கென்ட்டுக்காக வீசிய ஸ்டீவன்ஸின் பந்து மூன்று முறை ஸ்மாலைத் தாண்டி, இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போனது. பெயில் அசையவில்லை. ஸ்மால் 14ஐயும் எடுத்து ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் நடுவில் மூன்றாவது ஸ்டம்ப் வந்தது. தோற்றவர்கள் பக்கத்து நியாயத்துக்காக விக்கெட்டையே மாற்றியது அந்த ஒரு தடவைதான், எனக்குத் தெரிந்து. நீங்கள் நாலாவது ஸ்டம்ப் கேட்டு எழுதிவிடாதீர்கள்.