எலும்புக் கட்டிக்காக உலோக மூட்டு வைத்த பிறகு முழங்கால் முன்போல் இயங்குமா?

கட்டி எந்த எலும்பில் இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். தொடை எலும்பின் கீழ்முனை என்றால் நிலைமை பெரும்பாலும் சாதகமானது. முழங்கால் சில்லிலிருந்து இறங்கி, காலை நீட்ட உதவும் தசைநாண், கணைக்கால் எலும்பில் அப்படியே பற்றிக்கொண்டிருக்கும். தொடைத் தசையில் எவ்வளவு வெட்டப்பட்டது என்பதே அங்கே கேள்வி.

கணைக்கால் எலும்பின் மேல்முனை என்றால் சிக்கல் வேறு. அந்தத் தசைநாண் பற்றியிருந்த இடமே கட்டியோடு போய்விடுகிறது; உலோகத்தில் அது எளிதில் ஒட்டி வளராது. ஆகவே கெண்டைக்கால் தசையின் உட்பகுதியை முன்பக்கம் திருப்பி, தசைநாணை அதனுடன் சேர்த்துத் தைப்பார்கள். உலோகத்தை மூடி, தொற்று அபாயத்தைக் குறைப்பதும் அதே தசைதான், அருமையான உத்தி! பிறகு சில வாரங்கள் காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மடக்கினால் தையல் தளரும். இவ்வளவுக்குப் பின்னும், பிறர் நீட்டிவிட்டால் முழுதாக நீளும் கால், தானாக நீட்டும்போது சில பாகை குறைந்து நிற்கலாம்.

அறுவைக்குப் பின் கால் எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் 30 புள்ளி அளவீடு (MSTS) வலி, நடை, ஊன்றுகோல் தேவை, மன ஏற்பு போன்ற ஆறு அம்சங்களைப் பார்க்கிறது. மடங்கும் கோணத்தை அல்ல. நல்ல புள்ளி பெற்றவரும் சம்மணமிட முடியாமல் இருக்கலாம். ஓட்டமும் குதிப்பும் பொதுவாக வேண்டாம் என்பார்கள். மூட்டு தேயும், தளரும்.